கரடி விடாத ஒரு கரடிப் படம்

போன திருநாளுக்குக் கேரளக் கடலோரப் பொழியூர்ல ஒரு படக் கண்காட்சி வச்சாங்க. பந்தல்ல தொங்கினதுல பாதிப் படம் கடல். மீதிப் படம் கடல்ல விழுற சூரியன். (பொழியூர்க்காரன் வேற எதை எடுப்பான்? கதவைத் திறந்தா அதுதானே நிக்குது.) அதுக்கு நடுவுல ரெண்டடி அகலத்துக்கு ஒரு கரடி. முகமும் தோளும் மட்டும். கீழ அச்சடிச்ச சீட்டு ஒண்ணு:

"பழுப்புக் கரடி. அலாஸ்கா."

படம் எடுத்த ஆளு அலாஸ்கா போனதில்ல. பாஸ்போர்ட்டே கிடையாது. அந்தக் கரடி கர்நாடகத்துக் கரடி. நிறம் கறுப்பு.

(இங்கயே ஒண்ணு சொல்லிரணும். இந்தப் பதிவுல ‘நான்’ வராது. தப்புப் பண்ணினவனைப் பத்தி எழுதும்போது அவனைப் பத்தடி தள்ளி நிறுத்திப் பாக்குறதுதான் வசதி. அதனால படம் எடுத்த ஆளோட பேரு இனிமே ‘பதிவர்’.)

பதிவருக்கு முதல்ல வந்தது கோவம். சீட்டு எழுதின பசங்களைத் தேடிப் போனார்.

"எடே, ஆருடே அலாஸ்கான்னு எழுதினது?"

அவனுங்க அசரல. "அண்ணா, கரடி பழுப்பா இருக்கு. பழுப்புக் கரடி எங்க இருக்குன்னு போன்ல தேடினோம். அலாஸ்கான்னு வந்துச்சு. எழுதிட்டோம்."

இதுல எங்க தப்புன்னு சொல்லுவீங்க? பதிவரால சொல்ல முடியல. திரும்பி வந்து படத்தைப் பாத்தார். பழுப்புதான். நல்லா வறுத்த காப்பிக்கொட்டைப் பழுப்பு. அதுக்குள்ள துபாய்லருந்து லீவுக்கு வந்திருந்த மச்சான் தோள்ல ஒரு தட்டு தட்டி, "அளியா, அலாஸ்கா போனதைச் சொல்லவே இல்லியே"ன்னார். போதாததுக்கு ஆறுதல் பரிசு வேற. எவர்சில்வர் டிபன் கேரியர், மூணு அடுக்கு.

பொய்யை அளந்து விடுறவனைக் ‘கரடி விடுறான்’னு சொல்லுவோம்ல? பதிவர் விட்ட கரடி ரெண்டடி அகலம், லேமினேஷன் போட்டது.

சரி, உண்மையில அது என்ன கரடி? தேன்கரடி. தெக்கத்தி நாட்டுல கரடின்னாலே இதுதான். மூக்குல கயிறு போட்டுத் தெருவுல ஆட வச்சதும் இதைத்தான். பிள்ளைக்குப் பயம் போகணும்னு தாயத்துல அடைச்சுக் கட்டினதும் இதோட முடியைத்தான். (அந்தக் கரடியாட்டம் முடிவுக்கு வந்தது 2009 கடைசியில. வைல்ட்லைஃப் எஸ்ஓஎஸ் அமைப்பு கரடியாட்டிப் பிழைச்ச கலந்தர் சமூகத்துக்கிட்டருந்து கடைசிக் கரடியை வாங்கினப்போ.) பொழியூர்லருந்து பைக்கை எடுத்தா ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடப் போனா நெய்யாறு சரணாலயம். 1958-ல அறிவிச்சது, 128 சதுர கிலோமீட்டர். அந்த அகத்தியமலைக் காட்டுல தேன்கரடி உண்டு. ஆனா உண்டுங்கிறது வேற, கண்ணுல படுறது வேற. பதிவர் அங்க பலதடவை போயிருக்கார். பாத்தது கரடி கீறின கறையான் புத்துதான்.

பேரு மாறிப்போறது இந்தக் கரடிக்குப் புதுசில்ல. 1791-ல ஜார்ஜ் ஷான்னு ஒரு ஆங்கிலேய விலங்கியலாளர் இதோட நீள நகத்தையும் பல்லையும் பாத்துட்டு, தென் அமெரிக்காவுல மரத்துல தொங்குற ஸ்லாத் இனம்னு முடிவு கட்டிட்டார். கரடிதான்னு பிறகு தெரிஞ்சும் இங்கிலீஷ்ல இன்னைக்கு வரைக்கும் அது ‘ஸ்லாத் பேர்’. அவர் இனத்தையே மாத்தினார். பதிவர் நிறத்தை மட்டும்தான் மாத்தினார். (இதை ஒரு சமாதானமா எடுத்துக்கலாம்.)

இந்தியாவுலயும் பழுப்புக் கரடி இருக்கு. இமாச்சலத்துல சம்பா மாவட்டத்து குக்தி சரணாலயம், லடாக்குல திராஸ் மாதிரி உயரமான இடங்கள்ல. நம்ம பக்கம் கிடையவே கிடையாது. பதிவருக்குக் கரடிப் பைத்தியம் பிடிச்சதே அந்த வகையறாவோட படங்களைப் பாத்துத்தான். முக்கியமா ஒரே ஒரு படம்: அலாஸ்காவுல கட்மாய் தேசியப் பூங்கா, புரூக்ஸ் அருவி. அருவி விளிம்புல ஒரு பழுப்புக் கரடி வாயைத் திறந்து நிக்குது. எதிர்நீச்சல் போட்டு எகிறின சால்மன் மீன் அந்த வாய்க்கு ஒரு விரக்கடை முன்னால அந்தரத்துல நிக்குது. டாமஸ் மாங்கெல்சன் 1988-ல எடுத்தது. ஃபிலிம் காலம். எடுத்தவுடனே பின்னால திரை இல்ல பாக்குறதுக்கு. இப்படி ஒரு படம் வேணும்னு முன்னாலயே மனசுல வரைஞ்சு வச்சுக்கிட்டு, கரடியோட தலையை மட்டும் சட்டத்துல வச்சு நாள்கணக்குல நின்னவருக்கு, ஃபிலிம் கழுவி வந்த பிறகுதான் மீன் சிக்கினதே தெரிஞ்சது.

அலாஸ்காவுக்கு வழியில்லாத பதிவர் தரோஜிக்குப் போனார்.

கர்நாடகத்துல ஹம்பிக்குப் பக்கத்துல இருக்கு தரோஜி கரடிச் சரணாலயம். 1994-ல தேன்கரடிக்குன்னே அறிவிச்ச காடு. காடுன்னா நம்ம மேற்குத்தொடர்ச்சி மலைக் காடு மாதிரி நினைக்காதீங்க. முள்ளுப் புதரு, நடுநடுவுல வீடு வீடா அடுக்கின மாதிரி உருண்டைப் பாறை. திருவனந்தபுரத்துல ரயில் ஏறி, பெங்களூருல இறங்கி, ராத்திரி ஹம்பி எக்ஸ்பிரஸ் பிடிச்சு ஹொசப்பேட்டை. கையில வாடகை லென்ஸ், 150-600 எம்எம். (லென்ஸ் வாடகைக்குக் கொடுத்த காசுல ஒரு வாரத்துக்கு அயிலை மீன் வாங்கியிருக்கலாம்னு அம்மா கணக்குச் சொன்னாங்க. கணக்கு சரிதான்.)

அங்க கரடி பாக்குற முறை ரொம்ப எளிசு. மத்தியானம் வனத்துறை ஆளுங்க எதிர்ப் பாறைமேல வெல்லப்பாகைத் தடவி வச்சிட்டு வருவாங்க. பாக்க வந்தவங்க கண்காணிப்புக் கோபுரத்துல ஏறி உக்காந்துக்கணும். முதல்ல மயில் வந்துச்சு. பிறகு கீரி. அதுக்கப்புறம் புள்ளி போட்ட ஒரு காட்டுக்கோழி வந்து ஒரு மணி நேரம் கொத்திக்கிட்டே இருந்துச்சு. அஞ்சு மணிக்கு மேல பாறை இடுக்குலருந்து ஒரு கறுப்பு மூட்டை உருண்டு வர்ற மாதிரி வந்து நின்னுச்சு கரடி.

பக்கத்துல உக்காந்திருந்த குழந்தை, "அப்பா, தலை எந்தப் பக்கம்?"னு கேட்டுச்சு.

நியாயமான கேள்வி. முகப்படம் எடுக்குறவனுக்குத் தேன்கரடி வைக்குற பிரச்சினையே அதுதான். பழுப்புக் கரடிக்கு அகலமான தட்டு முகம், தோள்ல திமில், முகமெல்லாம் ஒரே மாதிரி நடுத்தர நிறம். வெயில் விழுந்தா நெத்தி தனியா, கன்னம் தனியா எழுந்து நிக்கும். தேன்கரடிக்கு மூஞ்சி நுனி மட்டும் வெளுப்பு, கிட்டத்தட்ட முடியே இல்ல. மத்ததெல்லாம் கறுப்பு, அதுவும் பரட்டை. கறையானை உறிஞ்சுறதுக்கு வசதியா மேல்வரிசையில நடுப்பல்லு ரெண்டு கிடையாது. உதடு நீண்டு தொங்கும். கண்ணு சின்னது. கறுப்பு முடிக்குள்ள கருந்திராட்சையைப் புதைச்சு வச்ச மாதிரி. கண்ணுல ஒரு பொட்டு வெளிச்சம் விழலேன்னா கண்ணே இல்ல. கண்ணு இல்லேன்னா அது முகப்படம் இல்ல, முடிப்படம்.

வெளிச்சக் கணக்கும் பழுப்புக்குத்தான் சாதகம். கேமராவுக்குள்ள இருக்குற மீட்டருக்கு உலகம் பூரா சாம்பல் நிறம். விழுற வெளிச்சத்துல 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்புற சாம்பல்னு கணக்கு. எதைக் காட்டினாலும் அதை அந்தச் சாம்பலுக்கு இழுக்கப் பாக்கும். பழுப்புக் கரடி இயற்கையிலயே கிட்டத்தட்ட அந்தத் தரத்துல இருக்கு, அதனால மீட்டர் சொல்றதை அப்படியே கேக்கலாம். கறுப்புக் கரடி சட்டம் பூரா நிறைஞ்சா மீட்டர் ‘ஐயோ இருட்டு’ன்னு வெளிச்சத்தைக் கூட்டி, கரடியைச் சாம்பல் பூசின சாமியாராக்கும். அதே கரடி வெயில்ல பளபளக்குற பாறைமேல சின்னதா நின்னா? மீட்டர் பாறையைப் பாத்து வெளிச்சத்தைக் குறைச்சிரும். கரடி தார்ச் சட்டியாயிரும்.

பதிவருக்கு ரெண்டாவதுதான் நடந்துச்சு. தானியங்கியை நம்பி முந்நூத்திச் சொச்சம் படம். முந்நூறுலயும் பாறை அழகா இருந்துச்சு.

இன்னொரு வில்லன் கானல். பகல் பூரா வெயில் குடிச்ச பாறை சாயங்காலம் அதைத் திருப்பி விடுது. 600 எம்எம் லென்ஸ் வழியா பாத்தா கரடி தண்ணிக்குள்ள நிக்குற மாதிரி நெளியுது. எத்தனை லட்சத்துக்கு லென்ஸ் வாங்கினாலும் நடுவுல இருக்குற காத்தை மாத்த முடியாது. எடிட்டிங்ல எந்த ஸ்லைடரும் இதுக்கு மருந்தில்ல. வெயில் நல்லா இறங்கி, காத்து கொஞ்சம் அடங்கின கடைசி இருபது நிமிஷம்தான் உருப்படியான நேரம். அந்த இருபது நிமிஷத்துலயும் கரடி தலையைக் குனிஞ்சு பாறையை நக்கிக்கிட்டே இருந்துச்சு. தரோஜிப் படங்கள் நிறையப் பாருங்க, பாதி இந்த நிலைதான்: குனிஞ்ச தலை, நீட்டின நாக்கு. ஒரு மயில் கத்துச்சு. கரடி நிமிந்தது. பதிவர் விரலை அழுத்தினார். பதினோரு படம். பிறகு மறுபடி வெல்லம்.

கண்காட்சிக்குப் போனது அந்தப் பதினொண்ணுல ஏழாவது.

இப்ப அந்தக் கரடி எப்படிப் பழுப்பாச்சுங்கிற கதைக்கு வருவோம். இங்கதான் பதிவர் என்ன வேலை பாக்குறார்னு சொல்லணும். பாறசாலைப் பக்கம் கல்யாண ஆல்பம் எடிட் பண்றார். பதினாலு வருஷமா. அந்த வேலையில முதல்ல படிச்சதும் தினமும் செய்யுறதும் ஒண்ணே ஒண்ணு: ‘ஷேடோஸ்’ ஸ்லைடரைப் பிடிச்சு வலது பக்கம் இழுக்குறது. இருட்டெல்லாம் வெளுக்கும். மாப்பிள்ளை வெளுப்பார், பொண்ணு இன்னும் வெளுக்கும், ரெண்டு வீட்டாரும் சந்தோஷப்பட்டு மீதிப் பணத்தைக் கொடுப்பாங்க. வெளுக்க வைக்காத ஆல்பம் திரும்பி வரும். "முகம் தெளிவா இல்லியே தம்பி"ன்னு. தெளிவுன்னா வெளுப்புன்னு அர்த்தம்.

ஒரே ஒருத்தர்தான் மாத்திச் சொன்னார். வள்ளம் வச்சிருக்குற மாமா ஒருத்தர், அவர் மக கல்யாண ஆல்பம். புரட்டிக்கிட்டே வந்தவர் ஒரு பக்கத்துல நின்னார்.

"மக்கா, பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்குறது ஆரு?"

"நீங்கதான் மாமா."

"நானா? மாவு மில்லுலயா விழுந்தேன்?"

நாப்பது வருஷம் கடல் வெயில் வாங்கின முகம் அது. நெத்திச் சுருக்கம் ஒவ்வொண்ணும் கறுப்புக்குள்ள கறுப்பா இருக்கும். பதிவர் அதையெல்லாம் வழிச்சு எடுத்திருந்தார். அன்னைக்குச் சிரிச்சுட்டு மறந்துட்டார்.

கரடிப் படத்தை லைட்ரூம்ங்கிற எடிட்டிங் மென்பொருள்ல திறந்தப்போ மூளை எதுவும் யோசிக்கல. கை தானாப் போச்சு. ஷேடோஸ், வலது பக்கம், நூறு. பத்தலையா? எக்ஸ்போஷர் ஒரு ஸ்டாப். தோல் நிறத்துக்குப் போடுற மாதிரி கொஞ்சம் மஞ்சள் சூடு. அப்புறம் முடி முடியாத் தெரியணும்னு ‘கிளாரிட்டி’. சென்சார் கறுப்புக்குள்ள பிடிச்சு வச்சிருக்குற தகவலே கொஞ்சம்தான். அதை இழுத்து வெளிய கொண்டுவந்தா வர்றது சாயங்கால வெயிலோட செம்மஞ்சளும், சென்சாரோட இரைச்சலும்தான். ரெண்டும் கலந்தா பழுப்பு. இரைச்சலை அழிக்க ஒரு மென்பொருளைத் தட்டினார். அது தன் அறிவுக்குத் தெரிஞ்ச முடியையெல்லாம் அழகழகா வரைஞ்சு கொடுத்துச்சு. கரடி ஷாம்பூ போட்டுக் குளிச்ச மாதிரி ஆச்சு.

ஆக, மாப்பிள்ளைக்குப் பண்ணினதையே கரடிக்கும் பண்ணியிருக்கார். கரடிக்கு வீட்டார் இல்ல, அதனால யாரும் கேக்கல.

திருநாள் முடிஞ்ச ராத்திரி பதிவர் ராவ் ஃபைலை மறுபடி திறந்தார். எல்லாத்தையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்து, முதல் வேலையா நிறத்தை மொத்தமா எடுத்துட்டார். கறுப்பு-வெள்ளை. இது மா. கிருஷ்ணன் ஞாபகத்துல வந்த யோசனை. அ. மாதவையாவோட மகன், 1912-ல திருநெல்வேலியில பிறந்தவர், 1950-லருந்து 1996-ல இறக்குற வரைக்கும் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில இயற்கை பத்தி எழுதினவர். ஒரு கம்பெனி உடம்புல இன்னொரு கம்பெனி லென்ஸை மாட்டின ஒட்டுக் கேமராவுக்கு ‘சூப்பர் பாண்டரோசா’ன்னு செல்லப்பேரு வச்சுக்கிட்டு, கறுப்பு-வெள்ளையிலயே யானையையும் காட்டெருமையையும் எடுத்தார். அந்த உலகத்துல கரடி தவறிக்கூடப் பழுப்பாக வாய்ப்பில்ல. கறுப்புக்குள்ள எத்தனை கறுப்பு இருக்குங்கிறது மட்டும்தான் கேள்வி.

நிறம் போனதும் கண்ணு தெளிஞ்சது. கரடி உடம்புல மூணு இடம்தான் நிஜமாவே வெளுப்பு: மூஞ்சி நுனி, மார்புல ‘வி’ மாதிரி இருக்குற பட்டையில தெரிஞ்ச ஒரு ஓரம், நகம். அந்த மூஞ்சி வெளுப்பு எரிஞ்சு போகாம நிறுத்தினார். பிறகு கறுப்பைத் தொட்டார், நூறு இல்ல, பதினஞ்சு. காதோரப் பரட்டை பின்னாலருந்து வர்ற வெயில்ல கோடு கோடாத் தெரிஞ்சது போதும். தோளுக்குக் கீழ இருட்டு இருட்டாவே கிடக்கட்டும்னு விட்டுட்டார். கிளாரிட்டி பூஜ்யம். இரைச்சல் கொஞ்சம் இருக்கட்டும், வரைஞ்ச முடியைவிட அது மேல். நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்தப்போ பாறை செவந்திருந்துச்சு, கரடி கறுத்திருந்துச்சு. முடி நுனியில மட்டும் லேசாச் செம்பட்டை, அது அந்த நேரத்து வெயில், அது பொய்யில்ல.

சட்டத்தையும் மாத்தினார். பழைய படத்துல முகம் நட்டநடுவுல, அடையாள அட்டைக்கு எடுத்த மாதிரி. இப்ப கரடி பாக்குற பக்கம் பாறையை விட்டு, முகத்தை ஒரு ஓரத்துக்கு நகர்த்தினார். மயில் கத்தின திசை அது. மயில் படத்துல இல்ல. ஆனா கரடி எதையோ கேக்குதுன்னு தெரியுது. கண்ணைப் பெருசாக்கிப் பாத்தப்போ, இடது கண்ணுல ரெண்டு மூணு பிக்ஸலுக்கு ஒரு வெள்ளை. வானம். பழைய படத்துல சுத்தி இருந்த முடியெல்லாம் வெளுத்துப்போய் அந்தப் பொட்டை முழுங்கியிருந்துச்சு.

கண்மட்டத்துல எடுக்கணும்னு எல்லாப் புத்தகமும் சொல்லும். கோபுரத்துலருந்து எடுத்தா கரடி தரையில கிடக்குற பொருளாயிராதான்னு பதிவருக்கு முதல்ல பயம். தூரம் கூடக்கூட அந்தச் சாய்வு குறைஞ்சு போகுது, அதனால தப்பிச்சார். மேலருந்து குத்தா எடுத்தா என்ன ஆகும்னு நம்ம பக்கத்து ஆளுங்களுக்குத் தெரியும். 2023 ஏப்ரல்ல வெள்ளநாட்டுல ஒரு வீட்டுக் கிணத்துல கரடி விழுந்துச்சு. மயக்க ஊசி போட்டாங்க, கரை ஏத்துறதுக்குள்ள அது தண்ணியில மூழ்கிச் செத்துப்போச்சு. கிணத்து விளிம்புலருந்து எடுத்த படம் அன்னைக்கு எல்லார் போனுக்கும் வந்துச்சு. நெய்யாற்றின்கரைக்காரன் பலபேர் பாத்த ஒரே காட்டுக்கரடிப் படம் அதுதான்.

கிட்டப் போய் எடுக்குறவங்களும் இருக்காங்க. பதிவருக்கு அதுல ஆசை இல்ல. கரடிப் படத்துக்காகவே உலகம் அறிஞ்ச ஜப்பான்காரர் மிச்சியோ ஹோஷினோ, 1996 ஆகஸ்ட்ல கம்சட்காவுல குரில் ஏரிக்கரையில கூடாரத்துல தூங்கும்போது பழுப்புக் கரடிக்கு இரையானவர். கரடியை அவரைவிடத் தெரிஞ்சவங்க குறைவு. தவிர, ரொம்பக் கிட்ட வேற ஒரு சங்கடம் உண்டு. 15 மீட்டர்ல, 600 எம்எம் லென்ஸை எஃப் 4-ல திறந்தா கூர்மையா விழுற ஆழம் ஒரு சாண் கூட வராது. பழுப்புக் கரடியோட மூஞ்சி நீளத்துக்குக் கண்ணு தெளிஞ்சா மூக்கு கரையும், மூக்கு தெளிஞ்சா கண்ணு கரையும்.

இதையெல்லாம் சரி பண்ணின பிறகும் பதிவருக்கு ஒரு முள்ளு உறுத்திக்கிட்டே இருந்துச்சு. வெல்லம்.

எடிட் பண்ணித்தான் பொய் சொல்லணும்னு இல்ல. லண்டன்ல நடக்குற ‘ஆண்டின் சிறந்த காட்டுயிர்ப் புகைப்படக்காரர்’ போட்டியில 2009-ல பரிசு வாங்கினது, ராத்திரியில வேலிக்கதவைத் தாண்டுற ஒரு ஓநாய். பழக்கின ஓநாயா இருக்கும்னு நடுவர்கள் முடிவு பண்ணி, அடுத்த ஜனவரியில பரிசைப் பறிச்சாங்க. அதே போட்டியில 2017-ல பிரேசில் எறும்புதின்னி ஒண்ணு பரிசு வாங்கி, அது செத்த பிறகு பாடம் பண்ணிப் பஞ்சடைச்சு வச்ச உடம்புன்னு மறுவருஷம் முடிவாகிக் கழிச்சாங்க. ரெண்டுலயும் கணினி எந்தத் தப்பும் பண்ணல. பின்லாந்துல ரஷ்ய எல்லையோரம் மரக்கூண்டுக்குள்ள உக்காந்து எடுக்குற பழுப்புக் கரடிப் படங்களுக்குப் பின்னாலயும் இரை வச்ச கதை இருக்கு. அதை மறைக்காமச் சொல்லிட்டா பதிவருக்கு அதுல குத்தம் தெரியல. ‘காட்டில் கண்ட அரிய கணம்’னு போடும்போதுதான் உதைக்குது.

புது பிரிண்ட் வந்ததும் முதல்ல எடுத்துட்டுப் போனது வள்ளத்து மாமாகிட்ட. பொழிமுகத்துப் பக்கம் வலையில ஓட்டை பாத்துக்கிட்டு இருந்தார். படத்தை வாங்கி வெயில்ல பிடிச்சார். கண்ணு கூசுது. தென்னை நிழலுக்கு நகர்ந்து மறுபடி பாத்தார்.

"இது என்னத்தடே, ஒரே இருட்டு?"ன்னார். பதிவருக்கு வயிறு கலங்குச்சு. மாமா படத்தை இன்னும் கொஞ்சம் சாய்ச்சார்.

"ம். கண்ணு இருக்கு. எதையோ கேக்குது."

"தேன்கரடி மாமா."

"தேனா தின்னுக்கிட்டு இருந்துச்சு?"

"இல்ல மாமா. வெல்லம். காட்டுக்காரங்க பாறையில தடவி வச்சது."

மாமா ரொம்ப நேரம் சிரிச்சார். "அப்போ அதை எழுதி ஒட்டுடே."

எழுதி ஒட்டியாச்சு. ‘தேன்கரடி, தரோஜி. பாறையில் தடவிய வெல்லத்தைத் தின்னும்போது எடுத்தது.’ படம் இப்ப ஜங்ஷன்ல டீக்கடைச் சுவர்ல தொங்குது. டிபன் கேரியரைத் திருப்பிக் கொடுக்கப் போனார், பசங்க வாங்க மாட்டேன்னுட்டானுங்க. மேலடுக்குல சோறு, நடுவுல அயிலைக் குழம்பு, கீழ மரச்சீனி. தினமும் பாறசாலைக்குப் போய் வருது.